கான்டெஸாவின் அடிவயிறு

ஓய்வுபெற்ற பிறகு என் கணவரை நான் முழுசாகப் பார்த்த நாட்கள் குறைவு. பெரும்பாலும் கால்களைத்தான் பார்த்திருக்கிறேன். மீதி உடம்பு காருக்கு அடியில் இருக்கும். காபி கொண்டுபோய் வைத்தால் ஒரு கை மட்டும் வெளியே வந்து, டம்ளரைத் தடவி எடுத்துக்கொண்டு உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் வெறும் டம்ளர் திரும்பி வரும். படுத்துக்கொண்டே எப்படிக் குடிக்கிறார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கார் ஒரு பழைய கான்டெஸா. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் புளியமரத்தடியில் நின்றது. நாங்கள் பார்க்கப் போனபோது பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "இன்ஜின் நல்லாருக்கும்னு தோணுது" என்றார் இவர். தோன்றியதோடு சரி, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. கோழியை எழுப்பக் கூடாது என்று தோப்புக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் ஒரு கமா விட்டுப் போனாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிய மனிதர், ஒரு கோழிக்குக் கட்டுப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கார் வாங்கினார்.

எப்படியோ அது மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. இன்ஜின் ஓடியது. டிங்கர் வேலை, பெயிண்ட், சீட்டு எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது என்பதை மனசாட்சிக்குப் பயந்து ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் இருந்தது அடிவயிறு மட்டும்தான். காரின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக, ரப்பர் மாதிரி ஒரு பூச்சு அடிப்பார்கள். கோட்டிங் என்பார்கள். சேறும் தண்ணீரும் தகரத்தைத் தொடாமல், துரு ஏறாமல் காப்பது அதன் வேலை. ஒழுங்காக அடித்தால் பல வருஷம் நிற்குமாம். எங்கள் காரில் முதல் கோட்டிங் மூன்று வாரம் நின்றது.

அதன் பிறகு ஒருநாள் காலையில் இவர் அடியில் படுத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பால் ஆடை மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. முறம் அகலத்துக்கு இருந்த அந்தக் கறுப்புத் துண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, "பாரு" என்றார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, "தொட்டுக்கச் சட்னியா, பொடியா?" என்று கேட்டேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கோட்டிங் கதை நகராது.

அண்ணனுக்கு சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. அதோடு, ஊருக்குப் போகும் ரோட்டில் கிணற்றுத் தண்ணீர் வசதியோடு ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட்டும் வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், என் கணவர் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு, எங்கள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மதுரையில் ஃபிளெக்ஸ் பேனர் இல்லாமல் ஒரு காதுகுத்துகூட நடக்காது. கல்யாணத்துக்குக் கேட்கவே வேண்டாம். பேனர் பொறுப்பை இவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் தானாகவே எடுத்துக்கொண்டார். செல்போனில் மாதிரி வந்தது. கமாவுக்குக் கோப்பைத் திருப்பும் என் கணவர் கண்ணாடி போடாமல் அதைப் பார்த்துவிட்டு, "ஓகே" என்று அனுப்பிவிட்டார்.

மண்டபத்து வாசலில் பேனர் எழுந்து நின்றபோதுதான் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆபீஸ் நண்பர் கூலிங் கிளாஸ் போட்டு ஆள் உயரத்துக்கு நின்றார். பெண்ணின் தாய்மாமனான என் அண்ணன் வலது பக்கக் கீழ் மூலையில், ரேஷன் கார்டில் இருப்பது மாதிரி, தீப்பெட்டி அளவில் இருந்தார்.

அண்ணன் அதை ஒருமுறை பார்த்தார். மாலையோடும் சீர்த் தட்டுகளோடும் வந்து தாய்மாமன் முறை எதிலும் குறை வைக்காமல் செய்தார். மகளை ஆசீர்வாதம் பண்ணினார். பிறகு பந்தியில் உட்காராமல், ஒரு வாய் பாயசத்தைக்கூடத் தொடாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கம் விசேஷ வீட்டில் கை நனைக்காமல் ஒருவர் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசல்படி ஏறவில்லை. இவரும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஃபிளெக்ஸ்காரன் செஞ்ச தப்புக்கு நான் என்ன செய்ய?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த இரண்டு வருஷமும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் அண்ணன் என் வீட்டில் மறுபடி உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும்.

கல்யாணம் முடிந்ததும் நல்ல ஃபிளெக்ஸை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகும், விறகுக்கு மூடாக்காகும். எங்கள் வீட்டில் அது காருக்கு அடியில் விரிப்பானது. பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்க, இரு வீட்டுச் சொந்தமும் வரிசையாகக் கும்பிட்டு நிற்க, அத்தனை பேர் மேலும் இவர் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை பார்ப்பார். "படுக்க இதுதான் கெடச்சுச்சா?" என்று ஒருமுறை கேட்டேன். "கெட்டி ஃபிளெக்ஸு. ஈரம் ஏறாது" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

கோட்டிங் அடிப்பதற்கு முன்னால் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தமாகக் கழுவ வேண்டும். தெருவுக்கு ஒரு வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. ஆனாலும் முதல் தடவையே நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன், அண்ணன் ஷெட்டுக்குத்தான் வண்டி போக வேண்டும் என்று. இவர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, ஷெட்டுக்கு முந்தின வளைவு வரை தானே ஓட்டி வருவது. அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது. அதில் இறங்கிக்கொள்வார். அங்கிருந்து நான் ஓட்டிக்கொண்டு போவேன்.

"டிரைவர் டீக்கடையில எறங்கிட்டாராக்கும்?" என்பார் அண்ணன்.

"ஆமாண்ணே. டீக்கு நேரமாச்சாம்."

"ம். வா தாயி, நெழல்ல உக்காரு."

எனக்கு ஒரு நாற்காலியும் டீயும் வரும். முன்பக்கம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. விடைத்தாளை எங்கே கொண்டுபோனாலும் அது தீராது. வண்டி கழுவி முடிந்ததும் வளைவில் இவரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவேன்.

முதல் கோட்டிங்கை பைபாஸ் ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் அடித்தார். அது உரிந்ததும் இவர் அந்த மனிதர் மேல் பழியைப் போட்டார். பழைய துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்துவிட்டார் என்று தீர்மானித்து, இனி தானே செய்வது என்று முடிவெடுத்து, ஒரு கோப்புத் திறந்தார். உண்மையாகவே கோப்புதான், கயிறு கட்டியது. கம்பி பிரஷ் வைத்து அடிப்பக்கம் முழுக்கத் தேய்த்தார். பத்து நாள் எங்கள் வீட்டுச் சாம்பாரில் துரு வாசம் அடித்தது. பிறகு வண்டி அண்ணன் ஷெட்டுக்குப் போய்க் கழுவி வந்தது. காம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு அடியில் புகுந்தவர், உள்ளிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க வந்து பாரேன். தகரம் என்னமா மினுங்குது! உங்கண்ணன் ஆயிரம்தான் வீம்புக்காரரா இருந்தாலும் தண்ணி அடிக்கிறதுல மன்னன்தான்."

இரண்டு வருஷத்தில் என் அண்ணனைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. நான் விடுவேனா? சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டு, ஒரு எழுத்து குறையாமல் சொன்னேன். வீம்புக்காரர் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். "அப்படியா சொன்னாரு மாப்ள?" என்றார். குரலே வேறாக இருந்தது.

அந்தக் கோட்டிங் இரண்டு வாரம்தான் நின்றது. இந்தத் தடவை உரிந்ததோடு அங்கங்கே அப்பளம் மாதிரி கொப்புளமும் போட்டிருந்தது. இவர் கோப்பைத் திறந்து யோசித்தார். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை அடித்துவிட்டேன், கனமாகவும் அடித்துவிட்டேன், உள்ளே தின்னர் மாட்டிக்கொண்டு ஆவியாகிக் கொப்புளம் போட்டிருக்கிறது என்றார். கொப்புளத்துக்கு அது சரியான காரணம்தான். உரிந்ததற்கு ஐப்பசி மழை காரணம் என்றார். ஒருவேளை ஸ்ப்ரே கன்னின் அழுத்தம் கூடிவிட்டதோ என்றும் சந்தேகப்பட்டார். எங்கள் தெரு நாய் ஒன்று காருக்கு அடியில் படுப்பதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார். ஒரு வாரம் அந்த நாய்க்கு எங்கள் வாசலில் அனுமதி இல்லை.

மூன்றாவது முறை மழை நின்று, வெயில் வந்த பிறகுதான் தொடங்கினார். மறுபடி முழுக்கச் சுரண்டினார். துருவை மாற்றும் திரவம் தடவினார். எல்லாம் முடித்துக் கடைசியாகக் கழுவ, வழக்கம்போல வளைவில் இறங்கிக்கொண்டு என்னை ஷெட்டுக்கு அனுப்பினார்.

அன்று என்னிடம் விடைத்தாள் இல்லை. டீயும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. சும்மா எழுந்து ஷெட்டின் பின்பக்கம் போனேன். கார் மேலே நின்றது. கீழே பள்ளத்தில் முதலாளியான அண்ணனே வேட்டியை மடித்துக் கட்டி முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு கன்னைப் பிடித்துக் காரின் அடிவயிறு முழுக்க எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தார். விளக்கெண்ணெய் வாசம் என் மூக்கைத் துளைத்தது. கொரோனாவுக்குப் பிறகு என் கணவருக்கு வாசமே தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே கதை முடிந்திருக்கும்.

"என்னண்ணே இது?"

"ஆயில் ஸ்ப்ரே தாயி. துரு அண்டாது. மத்த வண்டிக்கெல்லாம் பழைய ஆயிலுதான், ஆளுங்க அடிப்பாங்க. இது நம்ம வண்டியில்ல? புது ஆயிலு, வெளக்கெண்ணெய் கலந்து நானே அடிச்சிருவேன். மொதத் தடவையில இருந்தே அப்படித்தான். மாப்ள மினுங்குதுன்னு சொன்னாருன்னு சொன்னியா, இந்தத் தடவ ரெண்டு மடங்கு."

எண்ணெய் தடவின கண்ணாடியில் பெயிண்ட் ஒட்டாது என்று வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குச் செய்து காட்டுகிறவள் நான். பள்ளத்து விளிம்பில் நின்று, எண்ணெய்த் துளி சொட்டும் அந்த முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அது. அண்ணனிடம் சொன்னால் கூனிக் குறுகிப் போவார், வண்டியும் இனி அங்கே போகாது. இவரிடம் சொன்னால், "வேணும்னே பண்ணிருக்காரு" என்று ஆரம்பிப்பார். நான் பேசாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். அது கோழைத்தனம்தான்.

மறுநாள் இவர் பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போயிருந்தார். யாருக்கும் தெரியாமல் எண்ணெயைக் கழுவிவிடலாம் என்று நினைத்தேன். அன்று பார்த்துப் பாத்திரம் கழுவும் சோப்பு தீர்ந்திருந்தது. எண்ணெய்க்கு வேறு என்ன? சீயக்காய்தான். ஒரு கிண்ணத்தில் கரைத்து எடுத்துக்கொண்டு, நைட்டியோடு காருக்கு அடியில் தலையை விட்டு, இடது முன் கதவுக்குக் கீழே தேய்க்கத் தொடங்கினேன். கண்ணில் சீயக்காய் விழுந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. கை எட்டின தூரம், ஒரு தாம்பாளம் அகலம்தான் தேய்க்க முடிந்தது. அதற்குள் கேட் சத்தம் கேட்டது.

மூன்றாவது கோட்டிங்கை அவர் கோவில் வேலை மாதிரி செய்தார். பிரைமர் அடித்தார். மெல்லிசாக அடித்தார், ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் முழு நாள் காயவிட்டார். அவர் நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் முழுக்க உரிந்தது. இடது முன் கதவுக்குக் கீழே, ஒரு தாம்பாளம் அகலம் மட்டும் உரியவில்லை.

"இந்த எடத்துல மட்டும் ஏன் ஒட்டிக்கிட்டு நிக்குது?" பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார், திருப்புளியால் நெம்பினார். அசையவில்லை. "இதுக்கு ஒரு காரணம் இருக்கணும்" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த மூன்று நாளும் தலைக்குச் சீயக்காய் தேய்க்கவில்லை.

நான்காம் நாள் கோப்பைக் கயிறு கட்டிப் பரணில் போட்டார். "வித்துரலாம்மா. கல்லுப்பட்டிக்காரரே திருப்பிக் கேட்டாரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்லிருக்கேன்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கார் போய்விட்டால் வளைவு வரை போவதற்கும் எங்களுக்குக் காரணம் இருக்காது.

சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். "அம்புட்டு நாளும் அந்த மனுசன் தரையில கெடந்தாரா?" என்றார். "ஏன் தாயி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றார். நீ போ என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு கேட் திறந்தது. கல்லுப்பட்டிக்காரர் என்று நினைத்தேன். அண்ணன் நின்றார். கையில் கொடிக்கால் வெற்றிலை ஒரு கவுளி. என்னிடம் கொடுத்துவிட்டு, "வண்டியப் பாக்கத்தான் வந்தேன்" என்றார். படி ஏறவில்லை. நேரே காரிடம் போய், வேட்டியை மடித்துக்கொண்டு, வழக்கம்போல அடியில் கிடந்த என் கணவரின் கால்களுக்குப் பக்கத்தில் படுத்து உள்ளே நகர்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு பேனர் ஞாபகம் வந்தது. அண்ணன் படுத்தது வலது பக்கம், கீழ் மூலை. அவரே தீப்பெட்டி அளவில் இருக்கும் மூலை. அந்த போட்டோவை அவர் இரண்டு வருஷமாக மறக்கவில்லை. இப்போது கறுப்புக் கறை படிந்திருக்கும் அதன் மேலேயே தலை வைத்துப் படுத்திருக்கிறார். குனிந்து பார்த்தேன்.

"மாப்ள."

"...வாங்க மச்சான்."

"கோட்டிங்க உரிச்சது மழையுமில்ல, நாயுமில்ல. நாந்தான். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் அடிச்சு அனுப்பிச்சேன். நல்லதுன்னு நெனச்சு."

தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனாள்.

"என்ன எண்ணெய்?" என்றார் இவர்.

"புது ஆயிலு. வெளக்கெண்ணெய் கலந்து."

"அதான் அப்படி மினுங்குச்சா!"

இவர் சிரித்தார். சிரிப்பில் தலையைக் காரில் இடித்துக்கொண்டு ஐயோ என்றார். அண்ணனும் சிரித்தார். தரையில் ஊன்ற நீட்டிய அவர் கை எதையோ தொட்டு நின்றது.

"இது என்ன, மூலையில மடிச்சுக் கிளிப்பு போட்டிருக்கு?"

"அத விடுங்க மச்சான்."

அண்ணன் விடவில்லை. கிளிப்பை எடுத்து மடிப்பைப் பிரித்தார். பேனர் முழுக்கக் கோட்டிங் சொட்டிக் கிடந்தது. கூலிங் கிளாஸ் நண்பருக்கு முகமே இல்லை. மணமகன், மணமகள், நான், எல்லோர் மேலும் கறுப்பு. அந்த ஒரு மூலை மட்டும் நேற்று அச்சடித்தது மாதிரி வெள்ளையாக இருந்தது. நடுவில் அண்ணன், தீப்பெட்டி அளவில், ஒரு பொட்டுக் கறையில்லாமல்.

"கறுப்பு பட்டா போகாது மச்சான்" என்றார் இவர், காரின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டே. "உங்க மூஞ்சில விழுந்துறக் கூடாதுன்னு மொத நாளே மடிச்சு வச்சேன். கண்ணாடி போட்டுப் பாத்திருக்கணும். பாக்காம விட்டது என் தப்புதான்."

எனக்கு அது தெரியாது. நூறு தடவை காபி கொண்டுபோய் வைத்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. அங்கேயே வாசலில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தாயி" என்று அடியிலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "சோறு இருக்கா?"

சோறு இல்லை. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. "இருக்குண்ணே" என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே ஓடி குக்கரை வைத்தேன். கல்லுப்பட்டிக்காரருக்குப் போன் போட்டு, வண்டி விற்பதற்கில்லை என்று நானே சொல்லிவிட்டேன். குக்கர் விசில் அடிக்கும் வரை இரண்டு பேரும் காருக்கு அடியிலேயே கிடந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய காருக்குக் கோட்டிங்கே வேண்டாம், மிச்சத்தையும் சுரண்டிவிட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் அடித்தால் போதும், ஷெட்டுக்கு அலைய வேண்டாம், தானே கன்னோடு வீட்டுக்கு வந்துவிடுவதாக அண்ணன் சொல்வது சமையலறை வரை கேட்டது.

கை கழுவ வந்தார்கள். அண்ணன் கையில் கறுப்பு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. யோசிக்காமல் சீயக்காய்க் கிண்ணத்தை நீட்டினேன். அவர் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் விட்டுக் கை வெளுத்தது. என் கணவர் அந்தக் கையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். திரும்பி, வாசலில் நிற்கும் காரின் இடது முன் கதவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க" என்றேன். "அப்புறம் பேசிக்கலாம்."

அண்ணன் படி ஏறி வந்து, பழைய இடத்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்தார். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, பொரியலுக்கு நேரமில்லை. இலையில் சோற்றைப் போட்டேன். முதல் வாயை எடுத்து வைத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "உப்பு கம்மி" என்றார்.